பெரிய பெயர்கள் பணத்தைக் காப்பதில்லை

சென்ற மாதம் வயதான அம்மா ஒருவர், உள்ளூர் சேமிப்புச் சங்கமொன்றின் பாஸ்புக்கை என் மேசைமேல் வைத்தார். அதில் வரவு வைத்திருந்த தொகையில் பாதிகூடச் சங்கத்தின் மூலக் கணக்கேடான பேரேட்டில் ஏறவில்லை. இத்தனை வருடம் ஒருமுறையாவது அலுவலகத்தில் கேட்டீர்களா என்றேன். "எவ்வளவு பெரிய மனிதர்கள் நிர்வாகத்தில் இருக்கிறார்கள், தம்பி!" என்றார். தணிக்கைப் பணியில் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சியிருக்கிறது.

பெரிய பெயர்களை நம்பி ஏமாறுவது புதிதல்ல. ஏழைகளின் சிறுசேமிப்புக்காக 1810இல் ஸ்காட்லாந்தின் ரத்வெல் கிராமத்தில் ஹென்றி டங்கன் என்ற பாதிரியார் தொடங்கிய வங்கியின் வழியில், பிரிட்டனெங்கும் அறநோக்கச் சேமிப்பு வங்கிகள் எழுந்தன. ஊர்ப் பிரமுகர்கள் ஊதியமின்றி அறங்காவலர்களாக இருந்தனர். 1817ஆம் ஆண்டுச் சட்டப்படி, திரட்டிய பணம் நாட்டின் கடனை நிர்வகித்த அரசு அமைப்பான தேசியக் கடன் ஆணையர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆகவே அரசே முழுப் பொறுப்பு என்று மக்கள் நம்பினார்கள். நான் மிகவும் வருந்துவது இந்த நம்பிக்கையைப் பற்றித்தான். ஆணையர்களின் கைக்கு வந்த பணத்துக்கு மட்டுமே அரசு பொறுப்பேற்றது. வழியிலேயே ஊழியர் எடுத்துக்கொண்ட பணத்துக்கு அல்ல. 1849இல் இங்கிலாந்தின் ராச்டேல் சேமிப்பு வங்கியின் கணக்கர் இறந்த பிறகு பார்த்தால், எழுபதாயிரம் பவுண்டுக்கு மேல் காணவில்லை.

வேல்ஸிலுள்ள கார்டிஃப் நகரின் சேமிப்பு வங்கியின் கதை இன்னும் கொடியது. அதன் தலைவரான பியூட் பிரபு, தந்தை இறந்த 1848இல், ஆறு மாதக் குழந்தையாக அப்பதவிக்கு வந்தவர். 1886இல் கையாடல் வெளிப்பட்டு வங்கி மூடப்படும்வரை அவர் கலந்துகொண்டது ஒரே ஒரு கூட்டத்தில்தான். இழப்புக்கு அவர் பொறுப்பல்ல என்று 1892இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடிதத்தாளின் தலைப்பில் அச்சாகும் பெயருக்கும் கல்லாவைக் கண்காணிக்கும் கண்ணுக்கும் தொடர்பில்லை என்பதற்கு, எங்கள் தொழிலில் இன்றும் எடுத்துக்காட்டும் வழக்கு இது.

ஒவ்வொரு வரவுசெலவிலும் இருவர் பங்குகொள்ள வேண்டும், பாஸ்புக்கைப் பேரேட்டோடு ஒப்பிட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் வாடிக்கையாளர் பாஸ்புக்கைச் சரிபார்ப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1863ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்திருந்தது. கார்டிஃபில் இருந்தவர்கள் அதைக் கடைப்பிடிக்கவில்லை.

நீங்களும் கடைப்பிடிக்கவில்லையென்றால் இன்றே தொடங்குங்கள். வீட்டுக்கு வந்து பணம் வாங்கிப்போகும் ஊழியரிடம் ரசீதில்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பாஸ்புக்கை அவரிடமே விட்டுவைக்கவும் வேண்டாம். அவர் கையால் எழுதித் தரும் இருப்பை நம்பாமல், நீங்களே அலுவலகத்துக்குச் சென்று பேரேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்கும் பெரியவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான்: தனியாகப் போகக் கூச்சமாயிருந்தால், பேரனையோ பேத்தியையோ உடன் அழைத்துக்கொண்டாவது இந்த மாதமே போய்ப் பாருங்கள்.