எதிர்ப்பக்கத்தில் விழுந்த பழுப்புக் கட்டம்

புதிதாக ஸ்கிராப்புக் செய்ய உட்கார்ந்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பா கபடியில் கோப்பை வாங்கிய செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி, பள்ளியில் படிக்கும்போது ஒரு நோட்டில் வைத்திருந்தேன். இப்போது திறந்தால், எதிர்ப்பக்கத்தில் அதே அளவுக்கு ஒரு பழுப்புக் கட்டம். அந்தப் பக்கத்தில் நான் எதையுமே ஒட்டவில்லை. அது எங்கிருந்து வந்தது?"

அருமையான கேள்வி. எந்த ஸ்டிக்கர் வாங்கலாம், எந்தக் கலர் பேனா வாங்கலாம் என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்கிராப்புக் தொடங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கட்டத்தின் கதையைத்தான்.

படம், டிக்கெட், கடிதம், செய்தித் துணுக்கு எல்லாவற்றையும் குறிப்போடு ஒரே ஏட்டில் சேர்ப்பதுதான் ஸ்கிராப்புக். குட்டி போடும் என்று நம்பி நோட்டுக்குள் மயிலிறகு வைத்த நமக்கு இது புதிதல்ல. இன்றைய வடிவத்தில் இது பரவியது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து. மேரிலன் கிறிஸ்டென்சன் என்ற பெண்மணி 1980இல் சால்ட் லேக் நகரில் நடந்த ஆவண மாநாட்டில் தன் குடும்ப ஆல்பங்களைக் காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டே அதற்கான கடையும் திறந்தார். அன்றிலிருந்து இந்தப் பொழுதுபோக்கோடு ஒட்டிக்கொண்டு வரும் சொல், 'ஆசிட் ஃப்ரீ', அதாவது அமிலம் இல்லாதது.

காகிதம் என்பது செல்லுலோஸ் இழைகள். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. இது பள்ளியிலேயே படித்ததுதான். செய்தித்தாளுக்காக மரத்தை அரைத்துக் கூழாக்கும்போது, மர இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைப் பெரும்பாலும் நீக்குவதில்லை. வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் மஞ்சளாகும். ஆனால் காகிதம் மஞ்சளாவதோடு நிற்காமல் நொறுங்கவும் செய்கிறதே, அதற்கு முக்கியக் காரணம் அமிலம்.

மை ஊறிப் பரவாமல் இருக்க, பைன் பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் முறையை 1807இல் ஜெர்மனியின் மோரிட்ஸ் இல்லிக் வெளியிட்டார். மலிவான முறை என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. காற்றின் ஈரத்தோடு சேரும்போது அந்தப் படிகாரம் அமிலம் தரும். அடுத்து நடப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இரண்டு குளுக்கோஸுக்கு நடுவே பாலமாக ஓர் ஆக்சிஜன் இருக்கிறது. அமிலத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி அதன் மேல் போய் உட்காருகிறது. பிணைப்பு தளர்ந்து அறுகிறது. அறுந்த இடத்தைத் தண்ணீர் மூலக்கூறு ஒன்று அடைக்கிறது. ஹைட்ரஜன் அயனியோ செலவாகாமல் அப்படியே வெளியே வந்து, அடுத்த பாலத்தைத் தேடிப் போகிறது. எத்தனை வெட்டு வெட்டினாலும் மழுங்காத கத்தரிக்கோல் அது! அதோடு முடியவில்லை. நாட்பட்டுச் சிதையும் காகிதத்தில் ஃபார்மிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் புதிதாக உண்டாகின்றன. வெட்ட வெட்டக் கத்தரிக்கோல்கள் பெருகுகின்றன. பழைய புத்தகத்தை முகர்ந்தால் லேசாக ஒரு புளிப்பு வாடை வருமே, அதில் இந்த அசிட்டிக் அமிலத்துக்கும் பங்கு உண்டு. வினிகரில் இருப்பதும் இதுதான்.

இந்த அமிலம் ஆவியாகவும் ஈரத்தின் வழியாகவும் பக்கத்துத் தாளுக்குப் போகும். வாசகியின் பழுப்புக் கட்டம் அப்படி வந்ததுதான். நோட்டு மூடியிருந்த இத்தனை வருஷமும் செய்தித்தாள் தன் அமிலத்தையும் சிதைவுப் பொருள்களையும் எதிர்ப்பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அமிலம் தாளுக்குத் தாள் தாவுவதை வர்ஜீனியாவைச் சேர்ந்த ஆவணப் பாதுகாவலர் வில்லியம் பாரோ 1950களிலேயே எடுத்துக்காட்டினார்.

இதற்கு மருந்து, சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சியம் கார்பனேட். நீடித்து உழைக்கும் காகிதத்துக்கான ஐஎஸ்ஓ 9706 தரம், குறைந்தது 2% கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரம் தாளில் இருப்பில் இருக்க வேண்டும் என்கிறது. அமிலம் வந்தால் அது பிடித்து நடுநிலையாக்கிவிடும்.

நம் ஊர் வெக்கையும் புழுக்கமும் இந்தச் சிதைவை இன்னும் விரைவாக்கும். மாவட்டத்துக்கு ஒரு நூலகத்திலாவது அமிலம் நீக்கும் வசதியும் அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதுக் கட்டடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கு போதும். உள்ளே இருக்கும் நூறாண்டுப் பத்திரிகைகள் தூளாகிக்கொண்டிருக்கின்றன.

சரி, ஏட்டுக்கு வருவோம். 'ஆசிட் ஃப்ரீ', 'லிக்னின் ஃப்ரீ' இரண்டும் போட்ட தாளாக வாங்குங்கள். படத்தின் முதுகில் பசை தடவாமல், நான்கு முனைகளையும் செருகும் காகித மூலைகளில் மாட்டுங்கள். செலோடேப் கூடவே கூடாது. பக்கமே ஒட்டிக்கொள்ளும் பழைய வகை ஆல்பங்களும் வேண்டாம். அவற்றின் பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். என் பெற்றோரின் கல்யாணப் படம் ஒன்றை அப்படி ஓர் ஆல்பத்திலிருந்து உரிக்கப்போய், அம்மாவின் முகத்தில் பாதி பசையோடு போய்விட்டது. இன்றும் அந்தப் பக்கத்தைத் திறக்க மனம் வருவதில்லை. மைதாப் பசை தடவினால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. மெஷினில் அடித்துத் தரும் பஸ் டிக்கெட்டை உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அது வெப்பத்தால் கருக்கும் தாள், எழுத்து தானாகவே மங்கிவிடும்.

கபடிச் செய்தியையும் ஆசிட் ஃப்ரீ தாளில் நகல் எடுத்து, அதை அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அசல் துணுக்கைத் தனியாக பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஓர் உறையில் போட்டு, பின்னால் கார இருப்புள்ள தாள் ஒன்றைச் செருகி, வெயில் தாக்காத பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். பரணில் வேண்டாம். வீட்டிலேயே அதிகம் சூடாகும் இடம் அதுதான்.