எண்ணைப் படி, அப்புறம் ஸ்பேனரை எடு

தார்ப்பாய்க்கு அடியில் இருபது வருடம் கிடந்த பழைய ஜப்பான் பைக் ஒன்று கைக்கு வந்தால், எல்லோருக்கும் முதலில் கிக்கரை உதைத்துப் பார்க்கத்தான் கால் துறுதுறுக்கும். தயவுசெய்து உதைக்காதீர்கள். சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிய பிஸ்டன் வளையம் அந்த ஓர் உதையில் உடைந்துவிடலாம். முதல் நாளைக்கு ஒரு துணி, ஒரு டார்ச், ஒரு நோட்டு போதும். இது எந்த வண்டி, எந்த வருடத்து வண்டி, எத்தனை கை மாறியது என்பதெல்லாம் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது.

ஹோண்டா சிபி750-ஐ எடுத்துக்கொள்வோம். 1968 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் காட்டப்பட்டு, 1969-இல் விற்பனைக்கு வந்த வண்டி. 736 சிசி, வரிசையாக நான்கு சிலிண்டர், முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், 67 குதிரைத்திறன். ஹேண்டில்பார் திரும்புகிற கழுத்துக் குழாயில் துணியால் அழுத்தித் துடைத்தால் சேஸிஸ் எண் தெரியும்: சிபி750 என்று தொடங்கி, ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம். இன்ஜின் எண்ணில் சிபி750-க்குப் பின் கூடுதலாக ஓர் 'இ' இருக்கும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று பலர் பதறுவார்கள். பதற வேண்டாம். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் ஹோண்டா தனித்தனி வரிசையில் எண் போட்டது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே அவை வேறு வேறுதான். வித்தியாசம் சில நூறு என்றால் பெரும்பாலும் பிறந்தபோது இருந்த ஜோடியே. பல்லாயிரம் என்றால் இடையில் யாரோ இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள்.

இன்ஜின் எண் 1007414 வரை உள்ளவற்றைத் தேடி அலைபவர்கள் உலகமெங்கும் உண்டு. இவற்றின் கிராங்க்கேஸை, அதாவது இன்ஜினின் அடிப்பகுதி உறையைத் தடவினால் மணல் அச்சில் வார்த்தது போல் சொரசொரப்பாக இருக்கும். அதனால்தான் 'சாண்ட்காஸ்ட்' என்ற பெயர். அதற்குப் பின் வந்தவை அழுத்த வார்ப்பு, அதாவது உருகிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தி வார்த்தவை. மேல்பரப்பு வழவழப்பு. காரணம் எளிது. அழுத்த வார்ப்புக்கான எஃகு அச்சு செய்ய ஏகப்பட்ட செலவாகும். ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் கட்டும். இந்த வண்டி வருடத்துக்கு 1,500 போகும் என்றுதான் ஹோண்டா கணக்குப் போட்டது. அந்த 1,500 ஒரு மாதத்துக்கே போதாமல் போனது. ஒரு கம்பெனியின் தயக்கம் உலோகத்தின் மேல் தழும்பாக நிற்பதை விரலால் தொட முடிகிறதே, அதில் எனக்கு அலுக்காத சந்தோஷம்.

பாகங்களுக்கும் ஊர், பேர் உண்டு. ஹோண்டா பாக எண்ணின் முதல் ஐந்து இலக்கம் இது என்ன பாகம் என்று சொல்லும், நடு மூன்று எந்த மாடலுக்கு உருவானது என்று சொல்லும். 300 என்றால் சிபி750, 323 என்றால் சிபி500, 377 என்றால் சிபி400எஃப். சைலன்சரில் 341 என்று தட்டியிருந்தால் அது பின்னால் வந்த 750-க்கு உரியது. ஆனால் பழைய மாடலின் பாகத்தையே புதிய மாடலிலும் போடுவது வழக்கம் என்பதால், பிந்திய வண்டியில் 300 இருப்பது தவறாகாது.

சரி, இப்போது கழற்றலாம். இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள், அதுவும் ஒரு ஸ்க்ரூவிடம். ஜப்பான் வண்டியின் ஸ்க்ரூ தலையில் இருக்கும் கூட்டல் குறிப் பள்ளம், நம்மிடம் உள்ள பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவருக்கானது அல்ல. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஆனால் பிலிப்ஸின் முனை, பள்ளத்தில் முழுதாக உட்காரும் முன்பே அடியில் முட்டிவிடும். திருகினால் மேலே ஏறி வழுக்கும், தலை மொட்டையாகும். ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரத்தில் செய்த டிரைவர் கச்சிதமாக உட்காரும். ஸ்க்ரூ தலையில் சின்னப் புள்ளி தெரிந்தால் அது அந்த இனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியும் அசையாவிட்டால் அதற்கும் அறிவியல் உண்டு. எஃகு ஸ்க்ரூ, அலுமினிய உடல், நடுவே ஈரம்: மூன்றும் சேர்ந்தால் குட்டி பேட்டரி. அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிறது. அந்த ஆக்சைடு மூல உலோகத்தைவிட அதிக இடம் கேட்பதால் மரைக்குள் ஆப்பு அடித்தது போல இறுகுகிறது. சூடுபடுத்தினால் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். துளை பெரிதாகி பிடி தளரும். பக்கத்தில் பெட்ரோல் இருக்கவே கூடாது.

பிஸ்டன் ஒட்டியிருந்தால் பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே ஊடுருவும் எண்ணெய் விட்டு நாள் கணக்கில் காத்திருங்கள். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். டாப் கியரில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) குறைவாகவே சுற்றும், அதனால் உங்கள் தள்ளல் அங்கே அதிக முறுக்குவிசையாகப் போய்ச் சேரும்.

கார்புரேட்டர்தான் பொறுமையைச் சோதிக்கும் இடம். நின்றுபோன பெட்ரோலில் ஆவியாவது போக மீதி, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சள் பிசினாகிறது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துண்டுதான் பைலட் ஜெட். அதன் துளை 0.4 மி.மீ. அளவுதான், வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம். ஜெட் பித்தளை, கம்பி அதைச் சுரண்டும். துளை 0.44 ஆனாலே பரப்பு 21 சதவீதம் கூடிவிடும், அந்த சிலிண்டர் மட்டும் அளவுக்கு மீறிப் பெட்ரோல் குடிக்கும்.

டேங்க் துருவை அகற்ற இன்னும் நேரமாகும். அதுவரை சிறிய பாட்டிலில் இருந்து பெட்ரோல் விட்டு இன்ஜினை எழுப்பிப் பார்க்கலாம். ஆயில் புதிதாக இருக்கட்டும். கிளம்பியதும் நான்கு புகைக்குழாய்களின் மேலும் சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சூடான குழாயில் 'சுர்' என்று ஆவியாகும். சொட்டு அப்படியே வழிந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. இந்த வண்டியில் ஒன்றாவது, நான்காவது சிலிண்டர்களுக்கு ஒரே காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்). நடு இரண்டுக்கு இன்னொன்று. ஒன்றும் நான்கும் சேர்ந்து குளிர்ந்திருந்தால் அந்தக் காயிலையோ, அதன் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் சுவிட்சான பாயிண்டையோ பாருங்கள். பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்க வேண்டும். ஒரே ஒரு குழாய் மட்டும் குளிர்ந்தால் முதலில் பிளக்கை மாற்றுங்கள். அப்போதும் குளிர்ந்தே இருந்தால், அந்த சிலிண்டரின் பைலட் ஜெட்டை மறுபடி கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள்.