பத்து இலக்கம், ஒரு மணி நேரம்

வைஃபை கடவுச்சொல் என்ன என்று கேட்டால் நம் ஊரில் பலர் மொபைல் எண்ணைத்தான் சொல்வார்கள். இணைப்பு கொடுக்க வருபவரே அப்படி அமைத்துவிட்டுப் போவதும் உண்டு. பத்து இலக்கம் போதாதா என்று தோன்றும். ஆனால் இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். கேம் ஆடும் கணினியில் இருக்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சம் கடவுச்சொற்களைச் சோதித்துவிடும். 4,000 நொடியில், அதாவது ஒரு மணி ஏழு நிமிடத்தில், அத்தனையும் தீர்ந்துவிடும்.

ஏடிஎம்மில் மூன்று முறை தவறினால் கார்டு முடங்குகிறதே, ரவுட்டர் மட்டும் எப்படி விடுகிறது? இந்தச் சோதனை நடப்பதே ரவுட்டருக்குத் தெரியாது.

இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறை. இதில் போன் இணையும்போது ரவுட்டருக்கும் போனுக்கும் இடையே நான்கு செய்திகள் போய் வரும். கடவுச்சொல் காற்றில் போவதில்லை. இரு பக்கமும் உருவாக்கிய தற்செயல் எண்களும், கடவுச்சொல்லை வைத்துக் கணக்கிட்ட ஒரு சரிபார்ப்புக் குறியீடும்தான் போகும். அலை சுவரைத் தாண்டித் தெருவரை வருவதால், அங்கே லேப்டாப்புடன் இருப்பவர் இந்தச் செய்திகளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். யாரும் புதிதாக இணையவில்லையா? ‘துண்டித்துக்கொள்’ என்று ரவுட்டர் பெயரில் ஒரு பொய்ச் செய்தி அனுப்பினால், பல ரவுட்டர்களில் போன் துண்டிக்கப்பட்டுத் தானே மறுபடி இணையும். அதன்பின் அவர் வீட்டுக்குப் போய், ஒவ்வொரு எண்ணாகப் போட்டு அதே குறியீடு வருகிறதா என்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஒவ்வொரு முயற்சிக்கும் கடவுச்சொல்லை வைஃபை பெயருடன் சேர்த்து 4,096 முறை சுழற்றிக் கணக்கிட வேண்டும். வேகத்தைக் குறைக்கத்தான் அந்தச் சுழற்சி. பெயரும் கணக்கில் சேர்வதால், முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பட்டியல் அந்தந்தப் பெயருக்கு மட்டுமே உதவும்; பரவலாகப் புழங்கும் பெயர்களுக்கு அப்படிப் பட்டியல்கள் இருக்கின்றன. எனவே பெட்டியோடு வந்த பெயரை மாற்றுங்கள். கதவு எண்ணையோ வீட்டார் பெயரையோ வைக்காதீர்கள்.

2018இல் வந்த டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை அடைத்தது. அதில் ஒவ்வொரு ஊகத்தையும் ரவுட்டரிடமே நேரில் கேட்டாக வேண்டும். ஆனால் பழைய கருவிகளுக்காக இரண்டும் கலந்த நிலையில் வைத்தால், பழைய முறையில் இணையும் ஒரு டிவி போதும், அதன் செய்திகளைப் பிடித்துவிடலாம். அதனால் கடவுச்சொல் வலுவாகத்தான் இருக்க வேண்டும். 7,776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து பகடை உருட்டி நான்கு சொற்களை எடுத்துக் கோத்தால், அதே கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் முயன்று முடிக்க சுமார் 116 ஆண்டு ஆகும். பகடை முக்கியம், மனசுக்குப் பிடித்த சொற்களையும் சினிமா வசனங்களையும்தான் முதலில் முயல்வார்கள்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு பின் எண்ணைப் போட்டோ பொத்தானை அழுத்தியோ இணைய வைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின் எண்ணில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். மீதியை ரவுட்டர் நான்கு, மூன்று என இரண்டு துண்டாகச் சோதிப்பதால், ஒரு கோடி முயற்சி தேவைப்பட வேண்டியது 11,000 ஆகச் சுருங்கிவிடுகிறது. 2011இலேயே அம்பலமான குறை இது.

வைஃபை பெயரை மறைப்பதால் பயனில்லை. மறைத்த பெயரைப் போன் போகுமிடமெல்லாம் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

மாற்றங்களைச் செய்ய, வைஃபையில் இருந்தபடியே பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று போடுங்கள். சரியான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். உள்ளே நுழையும் அட்மின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கேமரா, டிவி, விருந்தாளிகளின் போன் எல்லாவற்றையும் ரவுட்டரில் விருந்தாளிகளுக்கென்று தனியாக இருக்கும் ‘கெஸ்ட்’ வலையமைப்பில் விடுங்கள். மலிவான கேமராக்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையில் மட்டுமே இயங்கும்; இணைய மறுத்தால் முதலில் அந்த அலைவரிசை ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அட்மின் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று ஊசியால் ரீசெட் துளையைக் குத்தும் முன் ஒரு விஷயம்: ஃபைபர் பெட்டிகளில் இணைப்பு நிறுவனம் போட்ட பயனர் பெயர் உள்ளிட்ட அமைப்புகளும் அழிந்து நெட்டே நின்றுபோகலாம். அவற்றை முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.