புளியரை இறக்கத்தில் புகைந்த டிரம்

சென்ற ஆனி மாதம். புனலூர்ப் பக்கம் ரப்பர் மரம் ஏற்றிக்கொண்டு பத்துச் சக்கர வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது இருபத்து நான்கு வயதுத் தம்பி. கனரக உரிமம் கைக்கு வந்து நான்கு மாதம். பக்கத்து இருக்கையில் நான். 22 ஆண்டுகள் லோடு ஓட்டிய பிறகு, செங்கோட்டையில் லாரி வைத்திருப்பவர்கள் புதிதாகச் சேர்க்கும் பையன்களோடு முதல் பத்து டிரிப் உடன் போய் வருவதுதான் இப்போது என் பிழைப்பு. வாயால் லாரி ஓட்டுகிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

கேரள எல்லையான கோட்டைவாசல் தாண்டியதும் சாலை தமிழ்நாட்டுப் பக்கம் சரிகிறது. தம்பி ஐந்தாவது கியரிலேயே இறக்கினான். பின்னால் ஒரு வேன், அதன் பின்னால் நான்கைந்து கார்கள். குற்றாலத்துச் சாரலுக்கு வந்த கூட்டம். ஹாரன் ஓயவில்லை. அவன் பிரேக்கை மிதிப்பதும் தளர்த்துவதுமாக வந்தான். கால் முழுதாக மேலே வரவே இல்லை. புளியரை எஸ் வளைவு நெருங்கும் முன்பே வாடை வந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. கண்ணாடியில் பார்த்தேன். பின்சக்கரத்திலிருந்து நீலப்புகை நூல் நூலாக எழுந்துகொண்டிருந்தது. பிரேக்கை இயக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் முள்ளும் இறங்கியிருந்தது.

ஓரம் கட்டச் சொன்னேன். நின்ற பிறகு கேட்டேன்: “கியரைக் குறைக்க வேண்டும் என்று தெரியாதா?”

“தெரியும் அண்ணாச்சி. பின்னால் வருகிறவர்கள் இத்தனை ஹாரன் அடிக்கிறார்கள். கூச்சமாக இருந்தது.”

தெரியாமல் தவறு செய்த பையன்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஓட்டுநர் பள்ளியில் ஒப்பித்து, ஆர்.டி.ஓ. முன்னால் ஓட்டிக் காட்டித்தான் வருகிறார்கள். தெரிந்ததைச் செய்ய விடாமல் தடுப்பது இந்தக் கூச்சம். மெதுவாகப் போகக் கூச்சம், தூக்கம் வருகிறது என்று சொல்லக் கூச்சம், பாரம் அதிகம் என்று முதலாளியிடம் சொல்லக் கூச்சம்.

அந்த எஸ் வளைவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாலைக்குக் கீழே ரயில் பாதை. 2024 பிப்ரவரியில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று அங்கிருந்து உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். சத்தம் கேட்டு எழுந்த, அருகில் குடியிருக்கும் வயதான தம்பதி, டார்ச் விளக்கோடு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் புதுப்பையன்களுக்கு இடத்தைக் காட்டுகிறேன். பயமுறுத்துவதற்காகவே காட்டுகிறேன். மறைப்பானேன்?

டிரம், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை, ஏன் புகைந்தது? வண்டியும் பாரமும் சேர்த்து 28.5 டன் வரை அனுமதி உள்ள வண்டி அது. அவ்வளவு எடையும் மலையிலிருந்து இறங்கும்போது அதன் விசையை எங்கேயாவது கரைத்தாக வேண்டும். கியர் குறைவாக இருந்தால் பெரும்பகுதியை என்ஜின் தாங்கிக்கொள்ளும். கியர் கூடுதலாக இருந்தால் எல்லாம் பிரேக் தலையில்தான். உள்ளிருந்து அழுத்தும் லைனர் பட்டை உரச உரச டிரம் சூடாகிறது. சூட்டில் டிரம் விரிந்து லைனரை விட்டு விலகுகிறது. லைனரின் பிடிப்பும் குறைகிறது. பெடல் எப்போதும்போலத்தான் இறங்கும், வண்டி மட்டும் நிற்காது. பதறி மேலும் மேலும் மிதித்தால், ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து காற்று செலவாகும். கம்ப்ரஸர் அதே வேகத்தில் நிரப்பிக் கொடுக்காது.

ஏறும்போது எந்தக் கியரோ அதற்கு மேலே போகாமல்தான் இறங்க வேண்டும். பாரம் இருந்தால் அதற்கும் ஒன்று குறைவு. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைப் போட்டுவிட வேண்டும். பாதி வழியில் குறைக்கப் போனால், கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டு வண்டி பறக்கும். என்ஜினின் புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு வையுங்கள். கியரில் இருந்தால்தான் அது வேலை செய்யும் என்பதும் நினைவில் இருக்கட்டும். வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரைத் தொட்டால் பிரேக்கை அழுத்தி 20க்குக் கொண்டு வந்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். மறுபடி 30 வரும்போது மறுபடி அழுத்துங்கள். இடைவெளியில் டிரம் கொஞ்சம் மூச்சு விடும். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும். அகலமான இடம் வந்தால் ஒதுங்கி வழி விட்டால் போயிற்று.

புகைந்த டிரம்மில் தம்பி தண்ணீர் ஊற்றப் போனான். தடுத்தேன். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் சாரலில் நின்றோம். முட்டுக்கட்டை போடுகிறவன் என்றால் ஊருக்குள் கெட்ட பெயர். எங்கள் தொழிலில் அதுதான் கடைசிக் காவல். கிளீனர் இருந்த காலத்தில் வண்டி நின்றதும் அவர் கட்டையோடு குதித்துவிடுவார். இப்போது பெரும்பாலும் ஓட்டுநர் ஒருவர்தான், கட்டையைத் தேடினால் பாயின் அடியில் கிடக்கிறது.

டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்கும் பழக்கத்தைச் சில மூத்தவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். டீசலை மின்னணு முறையில் அளந்து பாய்ச்சும் இன்றைய காமன் ரெயில் என்ஜினில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் டீசல் பாய்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் என்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ள டீசல் குடிக்கும். என்ஜினையே அணைத்துவிட்டு இறக்குகிறவர்களும் உண்டு. பவர் ஸ்டியரிங் போய்விடும், கம்ப்ரஸர் நின்றுவிடும். அப்படி மிச்சம் பிடித்த டீசல் எதற்கு ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

காலி வண்டி பத்திரமானது என்ற நம்பிக்கையும் தவறு. இங்கிருந்து காய்கறியும் எம்.சாண்டும் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் பல வண்டிகள் வெறுமையாகத் திரும்புகின்றன. பின்னால் எடை இல்லாத வண்டியை ஈரச்சாலையில் சட்டென்று மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வாலைச் சுழற்றும். சாரல் நாட்களில் காலி வண்டிக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

காலையில் பார்க்க வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஏர் டேங்கின் அடி வால்வை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுவது ஒன்று. ஜாக்கி லீவரால் ஒவ்வொரு டயரையும் தட்டுவது இன்னொன்று. காற்றுள்ள டயர் ‘டங்’ என்று திருப்பித் தள்ளும். காற்றுப் போனது சோர்ந்த குரலில் ‘தொப்’ என்னும். இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயர் கண்ணுக்குத் தெரியாது, காதால்தான் பார்க்க வேண்டும்.

இனித் தூக்கம். விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தானாகவே அணைந்துகொள்ளப் பார்க்கும். முகம் கழுவுவது, வெற்றிலை, பாட்டு எல்லாம் பத்து நிமிட வைத்தியம். தேநீர்கூடக் குடித்து இருபது நிமிடம் கழித்துத்தான் வேலை செய்யத் தொடங்கும். ஆகவே குடித்த கையோடு இருபது நிமிடம் கண் மூடுங்கள் என்கிறேன். சாலை நினைவில்லாமல் ஒரு கிலோமீட்டர் கடந்திருந்தால், நீங்கள் ஏற்கெனவே ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். சளிக்குக் கடையில் மாத்திரை வாங்கும்போது, “வண்டி ஓட்டுகிறேன், தூக்கம் வருமா?” என்று கேளுங்கள்.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது, இடையில் அரை மணி ஓய்வு, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் கணக்கு வகுத்தது. டிரிப்புக்கு இவ்வளவு என்று பேட்டா பேசினால் எந்தப் பையன் அரை மணி நிற்பான்? பையனைத் திட்டுவதற்கு முன் முதலாளிமார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பேட்டா கொடுப்பவர்களிடம்தான் நானும் சம்பளம் வாங்குகிறேன், இருந்தாலும் எழுதுகிறேன்.

உடம்பு மெதுவாகக் கெடும். நிறுத்த இடமில்லை என்று சிறுநீரை அடக்குவது, அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது, பிறகு முப்பது வயதில் சிறுநீரகக் கல். பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு உடனே ஓட்டினால் கண் செருகும். புதிதாகத் திருமணம் ஆன பையன்கள் ஓட்டிக்கொண்டே வீட்டோடு பேசுவார்கள். ஒரு வீட்டுக்காரம்மாவிடம் நானே சொன்னேன்: “நீங்கள் கூப்பிடாதீர்கள் அம்மா, அவர் நிறுத்தியதும் கூப்பிடுவார்.” முதலில் அவருக்குக் கோபம்தான்.

கேரளப் பக்கம் போனால் மொழி ஒரு பொருட்டே இல்லை. ‘இறக்கம்’ அங்கேயும் இறக்கம்தான். வளைவை ‘வளவு’ என்பார்கள். ‘பையெ போ’ என்றால் மெதுவாகப் போ. ஆரியங்காவு தாண்டித் தென்மலை வரை ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம். அதற்கப்புறம் சாலையை ஒட்டியே வீடுகள். வாசல் திறந்தால் சாலை. கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்கள் இரவில் நடந்து வருவார்கள். கறுப்பு வேட்டியும் கறுப்புத் துண்டும் ஹெட்லைட்டில் தெரிவதே இல்லை. தலையில் இருமுடி அசைவதுதான் தெரியும். அந்த இரண்டு மாதம் இரவில் 40க்கு மேல் போகாதீர்கள்.

அந்தத் தம்பி இப்போது தனியாக ஓட்டுகிறான். போன மாதம் அதிகாலை மூன்று மணிக்கு என் செல்போன் அடித்தது. “அண்ணாச்சி, ஆரியங்காவில் ஓரம் கட்டிவிட்டேன். கண் எரிகிறது. ஒரு மணி நேரம் படுக்கிறேன். முதலாளியிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள்.” தக்காளி லோடு. சந்தைக்குத் தாமதமாகப் போனதால் விலை இறங்கிவிட்டதாம். காலையில் முதலாளியிடம் வசவு வாங்கியது நான்தான்.