எக்ஸிஃப் இல்லைனா அது சுட்ட படமா?

போன வாரம் ஒரு போட்டோ போட்டியில நடந்தத கேட்டதுல இருந்து மனசே ஆறல, அதான் இத எழுதுறேன். எக்ஸிஃப்னா கேமரா படத்தோட சேத்து ஃபைலுக்குள்ள எழுதி வைக்குற விவரக் குறிப்பு. என்கிட்ட கேமரா கத்துக்குற காலேஜ் பையன் ஒருத்தன், பாலமேடு ஜல்லிக்கட்டுல எடுத்த படம். மாடு வாடிவாசல தாண்டி அந்தரத்துல இருக்கு, திமில பிடிச்சவரோட முகம் அவ்ளோ ஷார்ப்பா விழுந்திருக்கு. போட்டி நடத்துறவங்க படத்த வாட்ஸப்ல அனுப்பச் சொன்னாங்க, இவனும் அனுப்பினான். நடுவரா இருந்தவர் கம்ப்யூட்டர்ல போட்டு ப்ராப்பர்ட்டீஸ் பாத்துட்டு, "கேமரா டீடெய்ல்ஸ் ஒண்ணுமே இல்ல, இது நெட்ல இருந்து எடுத்த படம்"னு அத்தனை பேர் இருக்குற குரூப்லயே எழுதிட்டாரு. பையன் விளக்கம் சொல்ல வந்தா "அப்ப எதுக்கு டீடெய்ல்ஸ அழிச்ச?"னு அடுத்த கேள்வி.

ஐயா, அழிச்சது அவன் இல்ல. வாட்ஸப்ல அனுப்பச் சொன்னது நீங்க, அழிச்சது வாட்ஸப்.

அந்த ஃபைல நான் வாங்கிப் பாத்தேன். பேர்லயே நடுவுல டபிள்யூஏனு ரெண்டு எழுத்து இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு தேதி. வாட்ஸப் வழியா வந்த படத்துக்கு ஆண்ட்ராய்டு ஃபோன்ல இப்படித்தான் பேரு விழும், அந்தத் தேதியும் படம் வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி இல்ல. ஆனா "பாலமேடு ஜல்லிக்கட்டு மாட்டுப்பொங்கல் அன்னைக்கு, இதுல தேதி வேற இருக்கே"ன்னு அதையும் ஒரு ஆதாரமா சொல்லியிருக்காங்க. 24 மெகாபிக்சல் கேமரால 6000க்கு 4000 பிக்சல்ல எடுத்த படம் 1600 பிக்சல் அகலத்துல, ரெண்டு மூணு நூறு கேபி சைஸுல வந்து கிடக்கு. அதப் பாத்ததும் இது நசுக்கின காப்பினு தெரிய வேண்டாமா?

இந்த ஒரு விஷயத்த மட்டும் தயவுசெஞ்சு புரிஞ்சிக்கங்க. ஷட்டர் ஸ்பீடு, அப்பர்ச்சர் (லென்ஸ் எவ்ளோ திறந்திருக்குங்கறது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்த வாங்குற திறன்), லென்ஸ், எடுத்த நேரம், இதெல்லாம் படத்துக்குள்ள ஊறி இருக்குற விஷயம் இல்ல. ஜேபெக் ஃபைலோட ஆரம்பத்துல, அதிகபட்சம் 64 கேபி இருக்குற ஒரு சின்ன பகுதியில தனியா எழுதி வச்சிருக்குற குறிப்பு, அவ்ளோதான். 1995ல ஜப்பான்காரங்க கொண்டுவந்த முறை, இன்னைக்கும் எல்லா கேமராவும் அததான் எழுதுது. ஒரு ஆப் படத்த திறந்து, சைஸ் குறைச்சு, புதுசா ஒரு ஃபைலா எழுதும்போது அந்தக் குறிப்பையும் சேத்து எழுதினாத்தான் அது வரும். பெரும்பாலான ஆப் எழுதாது. எடுத்தவன் ஒண்ணுமே பண்ண வேண்டாம், தானா போயிடும்.

எங்கெல்லாம் இந்தக் குறிப்பு காணாம போகும்னு கேட்டா, வாட்ஸப்ல போட்டோவா அனுப்பினா காணாம போகும், "ஹெச்டி"னு செலக்ட் பண்ணி அனுப்பினாலும் படம் கொஞ்சம் பெருசா வருமே தவிர குறிப்பு போயிடும், டாக்குமென்ட்டா அனுப்பினா மட்டும் அப்படியே போய் சேரும். டெலிகிராம்லயும் இதே கததான், ஃபைலா அனுப்பினா இருக்கும், போட்டோவா அனுப்பினா இருக்காது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் மூணுலயும் நாம டவுன்லோட் பண்ற காப்பியில கேமரா டீடெய்ல்ஸ் இருக்காது. ஸ்க்ரீன்ஷாட்ல கேமராவே இல்ல, அப்புறம் எங்கேருந்து வரும்? ஃபோட்டோஷாப்ல "சேவ் ஃபார் வெப்" போட்டு சேமிக்கிறவங்க அந்த ஜன்னல்ல மெட்டாடேட்டாங்குற (இந்த மாதிரி குறிப்புகளுக்கான) இடத்த ஒரு தடவை பாருங்க, பொதுவா "காப்பிரைட் அண்ட் காண்டாக்ட் இன்ஃபோ"ன்னு இருக்கும், அப்படினா கேமரா விவரத்த விட்டுடும்னு அர்த்தம். லைட்ரூம்ங்குற போட்டோ எடிட்டிங் ப்ரோக்ராமோட எக்ஸ்போர்ட்லயும் இதே மாதிரி ஒரு செலக்ஷன் இருக்கு, "ஆல் மெட்டாடேட்டா" வச்சாத்தான் முழுசா வரும். பழைய மேனுவல் லென்ஸ அடாப்டர் போட்டு மாட்டுறவங்களுக்கு கேமராவுலயே அப்பர்ச்சர் விழாது, ஏன்னா லென்ஸுக்கும் கேமரா பாடிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது, அங்க யாரும் எதையும் அழிக்கல. ஃப்ளிக்கர் மாதிரி சில இடத்துலதான் இந்த விவரத்த படத்துக்குக் கீழயே காட்டுவாங்க, அங்கயும் வேணாம்னா மறைச்சிக்கலாம்.

அப்ப இந்த கம்பெனிங்க ஏன் இப்படி எடுக்குறாங்கனா, ஃபைல் சின்னதாகும்ங்கறது ஒரு காரணம், ஆனா முக்கியமான காரணம் லொக்கேஷன். ஃபோன்ல எடுக்குற படத்துல ஜிபிஎஸ் ஆன் ஆயிருந்தா எடுத்த இடம் அப்படியே பதிஞ்சிருக்கும். 2012 டிசம்பர்ல ஜான் மெக்காஃபினு, அந்த ஆன்ட்டிவைரஸ் மெக்காஃபியேதான், போலீஸ் தேடுதுன்னு பெலிஸ் நாட்டுல இருந்து ஓடி ஒளிஞ்சிட்டு இருந்தாரு. அவரோட சுத்திட்டு இருந்த வைஸ் பத்திரிகைக்காரங்க ஒரு ஐஃபோன் படத்த அப்படியே இணையத்துல போட்டுட்டாங்க. அதுல இருந்த ஜிபிஎஸ் எண்ண வச்சு அவர் குவாத்தமாலாவுல இருக்காருன்னு ஊரே கண்டுபிடிச்சிடுச்சு, ரெண்டு மூணு நாள்ல ஆள பிடிச்சிட்டாங்க. உங்க வீட்டு வாசல்ல குழந்தைய வச்சு எடுக்குற படத்துலயும் இதேதான் பதியுது. அதனால இது அழியுறது ஒரு வகையில நமக்கு நல்லதுதான், ஆனா நல்லதுங்கறதுக்காக அதை எடுத்தவன் மேல பழியா போடாதீங்க.

இன்னொரு பக்கமும் சொல்லணும். எக்ஸிஃப் இருந்தா படம் உண்மைனு நம்புறீங்க பாருங்க, அது இதைவிட ஆபத்து. எக்ஸிஃப்டூல்னு ஒரு இலவச ப்ரோக்ராம் 2003ல இருந்து இருக்கு, ஒரே வரி கமாண்ட்ல எந்தப் படத்துலயும் எந்த கேமரா பேரையும் எந்தத் தேதியையும் எழுதிடலாம். ஐஃபோன்லயே தேதிய மாத்த வசதி இருக்கு. கேமராவுல கடிகாரம் தப்பா செட் பண்ணியிருந்தா நேர்மையான ஆளோட படத்துலயும் தப்பான வருஷம்தான் விழும். ஆக, இருந்தாலும் ஆதாரம் இல்ல, இல்லாட்டியும் குற்றம் இல்ல.

போட்டி நடத்துறவங்களுக்கு கை கூப்பி கேக்குறேன். சந்தேகம்னா ரா ஃபைல, அதாவது கேமரா பதிஞ்ச மூல ஃபைல கேளுங்க, அதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்த நாலு ஃப்ரேம கேளுங்க. ஜல்லிக்கட்டுல பர்ஸ்ட் மோட்ல, அதாவது விடாம தொடர்ச்சியா எடுத்தவன்கிட்ட அதே மாடு வாடிவாசல விட்டு வெளிய வர்றதுல இருந்து வரிசையா இருக்கும், திருடினவன்கிட்ட ஒத்தப் படம்தான் இருக்கும். பெரிய வைல்ட்லைஃப் போட்டிகள்ல எல்லாம் கடைசி சுத்துக்கு வந்தவங்ககிட்ட ரா ஃபைல் கேக்குறது வழக்கம். படத்த டிரைவ் லிங்க்ல வாங்குங்க, இல்ல மெயில்ல, வாட்ஸப்தான் வேணும்னா டாக்குமென்ட்டா அனுப்புங்கன்னு நோட்டீஸ்லயே ஒரு வரி போடுங்க. எல்லாத்துக்கும் மேல, கேக்குறத அந்த ஆளுக்குத் தனியா மெசேஜ் பண்ணி கேளுங்க. ஊருக்கு முன்னாடி திருடன்னு சொல்லிட்டு அப்புறம் சரி பாக்குறது என்ன நியாயம்?

படம் எடுக்குறவங்களுக்கு: ரா ப்ளஸ் ஜேபெக்ல எடுங்க, கார்ட ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துல காப்பி வைங்க, நல்லா வராத பக்கத்து ஃப்ரேமையும் அழிக்காதீங்க. எடிட் பண்ணினது தனி ஃபோல்டர், ஒரிஜினல் தனி ஃபோல்டர். கேமரா கடிகாரத்த இன்னைக்கே சரி பாருங்க. டாக்குமென்ட்டா அனுப்பும்போது லொக்கேஷனும் சேந்து போகலாம், அதனால வீட்டுப் படம், குழந்தைங்க படம்னா ஃபோன் கேமரா செட்டிங்ஸ்ல லொக்கேஷன ஆஃப் பண்ணிட்டு எடுங்க, ஐஃபோன்னா ஷேர் பண்றப்ப மேல ஆப்ஷன்ஸ்ல லொக்கேஷன எடுத்துடுங்க. பறவை எடுக்குற தம்பிங்க கூடு இருக்குற இடத்த ஜிபிஎஸோட எங்கயும் ஏத்தவே ஏத்தாதீங்க.

அப்புறம், "செட்டிங்ஸ மறைக்குறாரு"னு சீனியர்ங்க மேல கோவப்படுறவங்களுக்கு: பெரும்பாலும் மறைக்கல, மேல சொன்ன மாதிரி போயிடுச்சு, கேட்டா சொல்லுவாங்க. ஆனா 1250ல ஒரு பங்கு செகண்ட், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800னு எழுதி வச்சுக்கிட்டு சாயங்கால வெளிச்சத்துல போய் அதையே வச்சா படம் இருட்டாத்தான் வரும். அன்னைக்கு வெயில் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேளுங்க, அது எக்ஸிஃப்ல எப்பவுமே இருந்ததில்ல.

கடைசியா ஒண்ணு, இது போட்டோகிராஃபருக்கு மட்டும் இல்ல. ஆக்சிடென்ட், காம்பவுண்ட் சுவர் தகராறு, எல்லைக்கல்ல பிடுங்கிப் போட்டதுனு ஆதாரத்துக்காக ஃபோன்ல படம் எடுத்தவங்க, வாட்ஸப்ல வந்த காப்பிய பிரிண்ட் போடச் சொல்லி என் ஸ்டுடியோவுக்கு வர்றாங்க. ஒரிஜினல் எங்கன்னா "ஸ்டோரேஜ் ஃபுல்லு, அழிச்சிட்டேன்"ங்கறாங்க. கேக்கவே வயிறு எரியுது. 2024 ஜூலையில இருந்து நடைமுறையில இருக்குற பாரதிய சாக்ஷ்ய அதினியம்ங்குற சாட்சியச் சட்டத்தோட 63வது பிரிவுல எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு சான்றிதழ் கேக்குறாங்க, அந்தப் படிவத்துல ஃபைலோட ஹேஷ் மதிப்பையும், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி கணக்கிடுற குறியீட்டையும் எழுதணும். வாட்ஸப் நசுக்கின காப்பிக்கு ஹேஷ் வேற, ஒரிஜினலுக்கு வேற. அதனால எடுத்த ஃபோன்லயே ஒரிஜினல விட்டு வைங்க, கேபிள் போட்டு ஒரு காப்பி பென் டிரைவ்ல ஏத்துங்க, அந்த ஃபோன விக்கவோ ரீசெட் பண்ணவோ செய்யாதீங்க, பிரிண்ட் போட என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட போங்க.