பேரிசென்டர்: பொதுத் திணிவு மையம்

ஒன்றையொன்று ஈர்த்துச் சுற்றும் வான்பொருள்களின் சமநிலைப் புள்ளியை வானியலில் ‘பேரிசென்டர்’ என்பர்; அதற்குத் தமிழில் ‘பொதுத் திணிவு மையம்’ என்பதே பொருத்தமான பெயர். ‘பேரிசென்டர்’ என்னும் சொல் இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. ‘பாரிஸ்’ என்றால் கனமானது. ‘கென்ட்ரான்’ என்பது முதலில் கூர்முனையையும், பின்னர் வட்டம் வரையும் கவராயத்தின் ஊன்றிய காலையும், அதிலிருந்து வட்டத்தின் மையத்தையும் குறித்தது. ஒலி ஒத்திருப்பதைக் கண்டு ‘பாரிஸ்’ என்பதை நம் வழக்கிலுள்ள ‘பாரம்’ என்பதோடு இணைத்துவிடக் கூடாது. அதன் உண்மையான உறவு, கனமானது என்று பொருள்படும் ‘குரு’ என்ற வடசொல்லோடுதான். (வியாழனுக்குக் குரு என்ற பெயர் ஆசான் என்ற பொருளில் வந்ததாயினும், கோள்களில் மிகக் கனமானது அதுவே.) ‘கென்ட்ரான்’ என்பதோ இந்திய வானியலுக்குள் ‘கேந்திரம்’ ஆகி நுழைந்து நெடுங்காலமாகிறது.

இச்சொல் குறிக்கும் பொருளுக்கு வருவோம். சமமற்ற இரு எடைகளைக் கோலின் இரு முனைகளிலும் கட்டினால், கனத்த எடைக்கு அருகில் தாங்கினால்தான் கோல் சாயாமல் நிற்கும். வான்பொருள்களுக்கும் அதே கணக்குத்தான். புவியின் திணிவு (அதில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு) நிலவினுடையதைப்போல் ஏறத்தாழ 81 மடங்கு என்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள சராசரி 3,84,400 கி.மீ. தொலைவில் அந்தச் சமநிலைப் புள்ளி புவியின் மையத்திலிருந்து சுமார் 4,670 கி.மீ. தள்ளி, தரைக்குக் கீழே 1,700 கி.மீ. ஆழத்தில் விழுகிறது. ஞாயிறு, வியாழன் இரண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஞாயிற்றின் மேற்பரப்புக்குச் சற்று வெளியே இருக்கும். புளூட்டோவும் அதன் துணைக்கோளான கேரனும் சுற்றிவரும் புள்ளியோ இரண்டுக்கும் நடுவே வெட்டவெளியில் இருக்கிறது.

இதனால்தான் ‘ஈர்ப்பு மையம்’ என்ற பெயர் இங்கே பொருந்தாது என்கிறேன். அந்த வெட்டவெளிப் புள்ளியில் ஒன்றுமே இல்லை. அது எதையும் இழுப்பதில்லை. இரு பொருள்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன, அப்புள்ளி அவற்றின் திணிவுகள் சமன்படும் இடம் மட்டுமே. ‘நிறை மையம்’ இதைவிட நன்று. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பருப்பொருளின் அளவைக் குறிக்கும் ‘நிறை’, இலங்கைப் பாடநூல்களில் எடையைக் குறிப்பதால், ஒரே தொடரை இரு நாட்டு மாணவர்களும் இரு விதமாகப் புரிந்துகொள்வர். ‘திணிவு’ என்பதில் அந்தச் சிக்கல் இல்லை. எல்லாப் பொருளுக்கும் தனித்தனியே திணிவு மையம் உண்டு என்பதால், ‘பொது’ என்ற அடையையும் விட்டுவிடக் கூடாது.

‘நிலவு புவியைச் சுற்றுகிறது’ என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் இப்படி எழுதலாம்: புவியும் நிலவும் தம் பொதுத் திணிவு மையத்தை 27.3 நாள்களுக்கு ஒருமுறை சுற்றிவருகின்றன.