அண்ணன் பிள்ளையைத் தத்தெடுத்து வெளிநாடு அழைத்துப் போக முடியுமா?

டொராண்டோவில் இருக்கும் தம்பிக்குக் குழந்தை இல்லை. ஊரில் அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். பெரியவர்கள் கூடிப் பேசி, கடைக்குட்டியைத் தம்பிக்குச் சுவீகாரம் கொடுப்பதாக முடிவாகிறது. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் தத்துப் பத்திரமும் பதிவாகிவிடுகிறது. வேலை முடிந்தது என்று குழந்தையின் விசாவுக்குப் போனால், "காரா என்.ஓ.சி. எங்கே?" என்று கேட்கிறார்கள்.

காரா என்பது டெல்லியில் உள்ள மத்திய தத்தெடுப்பு ஆணையம். இந்தியாவிலிருந்து ஒரு குழந்தை தத்தாக வெளிநாடு போகவேண்டுமென்றால், சொந்தமோ அந்நியமோ, இதன் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) இல்லாமல் முடியாது. சிறார் நீதிச் சட்டப்படி (2015) செல்லுபடியாகும் ஆணை இல்லாமல் குழந்தையை வெளிநாடு கொண்டுபோனாலும் அனுப்பினாலும் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சொந்த அண்ணன் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்ற கோபம் நியாயம்தான். ஆனால் இந்த விதிகளுக்குப் பின்னால் வேதனையான கதைகள் உண்டு. வெளிநாட்டுத் தத்தெடுப்பில் குழந்தைகள் விலைபொருளாவதாக லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டு, 1984-இல் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. அதற்குப் பிறகும் சென்னை நடைபாதைகளில் தூங்கிய குழந்தைகள் கடத்தப்பட்டு, பொய்ப் பத்திரங்களோடு வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் போன வழக்கு ஒன்று வெளிவந்தது. 1980-களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகளின் ஆவணங்களிலும் இதே மோசடி. இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளை ஆராய்ந்த அறிக்கை ஒன்றைத் தொடர்ந்து, 2021-இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. பிறகு திறந்தது, 2024-இல் படிப்படியாக முழுவதும் மூடப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு சீனாவும் கதவைச் சாத்தியது. அங்கேயும் நெருங்கிய இரத்த உறவுக்கும் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை உறவுக்கும் மட்டும் விலக்கு. அமெரிக்காவுக்கு 2004-இல் சுமார் 23,000 குழந்தைகள் தத்தாகப் போனார்கள். 2023-இல் 1,300-கூட இல்லை.

இந்தியா கதவைச் சாத்தவில்லை. வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கான 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை 2003-இல் ஏற்று, இரு நாட்டு அரசுகளும் சம்மதித்தால்தான் குழந்தை நகரலாம் என்று வைத்திருக்கிறது.

சரி, நம் டொராண்டோ தம்பி என்ன செய்யவேண்டும்? முதலில் அவர் வசிக்கும் நாட்டில் காரா அங்கீகரித்த முகமையையோ, அங்குள்ள தத்தெடுப்பு அரசு அமைப்பையோ அணுகவேண்டும். இரண்டும் இல்லாத நாட்டில் இந்தியத் தூதரகத்தைக் கேட்கலாம். அவர்கள் வீட்டுக்கு வந்து, வருமானம், உடல்நலம், வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை எழுதி, காராவின் இணையதளத்தில் பதிவு செய்வார்கள். இங்கே ஊரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அண்ணன் குடும்பத்தை விசாரிக்கும். பெற்றோர் சம்மதம் வேண்டும். குழந்தைக்கு 5 வயது ஆகிவிட்டால் அதன் சம்மதமும் வேண்டும். இரு அறிக்கைகளும் சேர்ந்தபின் காரா முன்-ஒப்புதல் தரும். அப்புறம் கலெக்டரிடம் மனு. முன்பு இது நீதிமன்ற வேலை. 2022 செப்டம்பரிலிருந்து தத்தெடுப்பு ஆணை போடும் அதிகாரம் கலெக்டருக்கு வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்பது சட்டம். ஆணை வந்தபின் என்.ஓ.சி., அதன்பின் பாஸ்போர்ட், விசா.

'உறவினர்' யார் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி ஆகியோர்தான் சட்டத்தின் கண்ணில் உறவினர். ஒன்றுவிட்ட அண்ணன் பிள்ளை நமக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் இந்தப் பட்டியலில் வராது.

ஏற்கெனவே பத்திரம் போட்டவர்கள் கதை? இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டப்படி (1956) செய்திருந்தால் 2021-இல் ஒரு வழி திறந்தது. கலெக்டர் அளவில் சரிபார்ப்பு நடந்து, போகும் நாடும் சம்மதித்தால் காரா என்.ஓ.சி. தரும். ஆனால் தத்து அந்தச் சட்டப்படியே செல்லுபடியாக வேண்டும். பையன் இருப்பவர் இன்னொரு பையனைத் தத்தெடுக்க முடியாது, பெண்ணுக்கும் அப்படியே. பொதுவாகக் குழந்தைக்கு 15 வயது நிரம்பியிருக்கக் கூடாது.

உறவில் இல்லாத குழந்தை என்றால் வேறு வரிசை. இந்தியக் குடியுரிமை வைத்திருக்கும் வெளிநாடுவாழ் தம்பதிக்கு உள்ளூர்க்காரர்களுக்குச் சமமான முன்னுரிமை. சட்டப்படி தத்துக்குத் தகுதி பெற்ற குழந்தைக்கு 60 நாளில் இவர்களில் யாரும் அமையாவிட்டால்தான் வெளிநாட்டவர் முறை வரும், அவர்களில் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் முதலில். மாற்றுத்திறன் குழந்தைகளையும், உடன்பிறந்தவர்களாக வருபவர்களையும், 5 வயது தாண்டியவர்களையும் வெளிநாட்டுத் தத்துக்கு முன்னுரிமையோடு பரிசீலிக்கச் சட்டமே இடம் தருகிறது. இவர்கள் இங்கே வீடு கிடைக்காமல் காத்திருப்பவர்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. ஹேக் உடன்படிக்கையை ஏற்ற நாட்டிலிருந்து குழந்தையை அழைத்துவரும் ஐ-800 மனு அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான், கிரீன் கார்டுக்காரர்களுக்கு இல்லை. அந்த மனுவுக்கான முன் அனுமதி கிடைக்கும்முன் இந்தியாவில் தத்தெடுப்பை முடித்துவிட்டால் விசா சிக்கிக்கொள்ளும். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்முன் அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.